கையில் தங்கிய ஈயம், காதில் நிற்காத இரைச்சல்

கன்னியாகுமரி மாவட்டத்துக் கடலோர ஊர் ஒன்றிலிருந்து, கோடு போட்ட நோட்டுத் தாளில் ஒன்பது பக்கங்களுக்கு எழுதி அனுப்பப்பட்ட கடிதத்துக்கு, மருத்துவர் என்ற முறையில் நான் எழுதும் பதில் இது. கடிதம் எழுதியவருக்கு வயது 56. பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய சில விவரங்களை நானும் மாற்றியிருக்கிறேன்.

பதினேழு ஆண்டுகள் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு வந்த பிறகு, ஒரு பாதுகாப்பு நிறுவனம் வழியாக வங்கிக் காவலர் வேலை. ஏழு ஆண்டுகளுக்கு முன் அந்த நிறுவனம் நடத்திய சுடும் பயிற்சியில், '12 போர்' என்ற குழல் அளவு கொண்ட ஒற்றைக் குழல் துப்பாக்கியால் சுட்டிருக்கிறார். முதல் தோட்டா சரியாக வெடிக்கவில்லை. 'புஸ்' என்ற ஓசையும் கொஞ்சம் புகையும்தான். மட்டமான தோட்டா என்று கூட்டை எடுத்தெறிந்துவிட்டு அடுத்ததைப் போட்டு விசையை இழுத்தார். குழல் பிளந்தது. இடது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலில் பாதியும் போயின. முகத்தில் வெடிமருந்துத் துகள் அப்பியது, இரண்டு காதும் அடைத்தன, வலது கண் ஒரு மாதம் சிவந்தே இருந்தது. கையில் சிக்கிய உலோகத் துண்டுகளில் பதினொன்றை எடுக்காமல் விட்டுவிட்டார்கள்.

இப்போது அவருக்கு என்ன கஷ்டம்? ஓராண்டாக வயிற்றுவலி, மலச்சிக்கல், ஓயாத அசதி. கையில் மரமரப்பு. இடது காதில் சில்வண்டு போல இரைச்சல். வலது கண்ணில் புகை மூட்டம். கழுத்து வலிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கப் போன இடத்தில், உடம்பில் உலோகம் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். குண்டு நடந்து நெஞ்சுக்குப் போய்விடும் என்று பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். எண்ணெய் போட்டு அழுத்தித் தடவினால் துண்டுகள் தானாக வெளியே வரும் என்று வர்ம வைத்தியம் பார்க்கும் ஓர் ஆசான் சொல்லியிருக்கிறார். சர்க்கரை நோய்க்கு ஒன்பது ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். ஜனவரியில் இளைய மகளுக்குக் கல்யாணம். பழைய நிறுவனத்திலிருந்து மறுபடியும் துப்பாக்கிக் காவலுக்குக் கூப்பிடுகிறார்கள்.

எட்டாம் பக்கத்தில் இருக்கும் இரண்டு வரிகளை அப்படியே தருகிறேன்: "சண்டையில் பட்ட காயம் என்றால் நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம், டாக்டர். இது நமத்துப்போன தோட்டாவில் பட்ட காயம்."

அண்ணாச்சி,

உங்களைவிட எனக்கு வயது குறைவு, நானும் இந்த மாவட்டத்துக்காரன்தான். அதனால் இப்படியே கூப்பிட்டுக்கொள்கிறேன்.

அந்த எட்டாம் பக்கத்திலிருந்தே தொடங்கலாம். நடந்ததற்கு நீங்களே காரணம் என்று ஏழு ஆண்டுகளாக உங்களை நீங்களே குற்றக் கூண்டில் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். அன்று நடந்ததைச் சொல்கிறேன், சரிதானா என்று பாருங்கள். தோட்டாவில் இருந்த மருந்து ஈரம் ஏறி வலுவிழந்திருந்தது. முழு வேகம் இல்லாததால் சிறு ஈயக் குண்டுகளும் அவற்றை அடைத்திருந்த சக்கையும் குழலை விட்டு வெளியேறாமல் பாதியில் நின்றுவிட்டன. இரண்டாவது தோட்டா நல்ல தோட்டா. அது வெடித்தபோது முன்னால் வழி அடைபட்டிருந்தது. அழுத்தம் குழலைக் கிழித்துக்கொண்டு பக்கவாட்டில் வந்தது. குழலுக்கு அடியில் தாங்கிப் பிடித்திருந்தது உங்கள் இடது கை.

ஓசை குறைந்தால் குழலைத் திறந்து வெளிச்சத்தில் பார்த்த பிறகே அடுத்த தோட்டா என்பது உங்களுக்குப் பட்டாளத்திலேயே சொல்லித் தந்த பாடம். அதை அன்று தவறவிட்டீர்கள். இல்லை என்று நான் மழுப்பப் போவதில்லை. ஆனால் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்கிற, உப்புக்காற்று அடிக்கிற ஒரு மாவட்டத்தில், தோட்டாக்களை ஆண்டுக்கணக்கில் பெட்டியில் போட்டு வைத்திருந்து பயிற்சியன்று எடுத்து நீட்டியவர்கள் யார்? உங்களுடைய பிழை ஒரு நொடியில் நடந்தது, அவர்களுடையது பல ஆண்டுகளாக நடந்தது. கணக்கு பார்ப்பதென்றால் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

குண்டு நடக்குமா?

நடக்காது. காயம் பட்ட நேரத்தில் சிறு குண்டு ஒன்று நேராக ரத்தக் குழாய்க்குள் புகுந்துவிட்டால் ரத்தத்தோடு போய் இதயத்திலோ நுரையீரலிலோ சிக்குவது உண்டு. மிக அரிது, பெரும்பாலும் அந்த முதல் நாட்களிலேயே தெரிந்துவிடும். ஏழு ஆண்டுகளாகச் சதைக்குள் கிடக்கும் குண்டைச் சுற்றி உடம்பு நார்த்திசுவால் உறை கட்டியிருக்கும். பலாக்கொட்டையைச் சுற்றித் தோல் இருப்பது போல அது இருந்த இடத்தில் இருக்கும். சில சமயம் தோலுக்கு அடியில் கொஞ்சம் நகர்ந்து முண்டாகத் தெரியலாம். அதற்கும் நெஞ்சுக்கும் சம்பந்தமில்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் எடுத்துவிடலாமே என்று கேட்கிறீர்கள். உங்கள் அறுவை மருத்துவர் எடுக்காமல் விட்டது சோம்பலால் அல்ல. நரம்பும் தசைநாரும் நூல்கண்டு போலப் பின்னிக் கிடக்கும் உள்ளங்கையில் பதினோரு இடத்தில் தோண்டினால், குண்டு செய்யாத சேதத்தைக் கத்தி செய்துவிடும். எடுத்தே தீர வேண்டிய சூழ்நிலைகள் சில உண்டு: துண்டு மூட்டுக்குள் இருந்தால், நரம்பையோ தசைநாரையோ அழுத்தினால், கண்ணுக்குள் இருந்தால், சீழ் பிடித்தால், ரத்தத்தில் ஈயம் ஏறிக்கொண்டே போனால்.

இதில் மூட்டு என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அனுப்பிய எக்ஸ்ரேயின் புகைப்படத்தில், கட்டைவிரலின் அடி மூட்டுக்கு மேல் ஒரு துண்டு தெரிகிறது. மூட்டுக்குள் இருக்கிறதா, மூட்டுக்கு முன்னால் சதையில் இருக்கிறதா என்பதை ஒரே கோணத்தில் எடுத்த படம் சொல்லாது. சதையில் உறை கட்டிய ஈயம் கரைவது சொற்பம். மூட்டுக்குள் இருக்கும் ஈயத்தின் கதை வேறு. மூட்டில் ஊறும் திரவம் ஈயத்தை மெல்லக் கரைக்கும். விரலை அசைக்கும்போதெல்லாம் எலும்பு அதை அரைக்கும். அந்த மூட்டு தேய்ந்து வாதமாவதும் நடக்கும். கைக்கு மட்டும் ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். அந்த ஒன்று உள்ளேதான் இருக்கிறது என்றால், அதை மட்டும் எடுக்கும்படி கை அறுவை சிகிச்சையில் பழகிய மருத்துவரிடம் கேளுங்கள். மற்ற பத்தும் கிடக்கட்டும்.

அந்தப் படத்தில் இன்னொன்றையும் பாருங்கள். உருண்டையாக, ஓரம் வழுவழுப்பாகத் தெரிபவை தோட்டாவின் குண்டுகள். ஓரம் கிழிந்து, நீளவாக்கில், தகடு போலத் தெரியும் மூன்றும் குழலின் எஃகு. இந்த வித்தியாசம் பிறகு உதவும்.

ஈயம் எங்கிருந்து வருகிறது

வயிற்றுவலி, மலச்சிக்கல், அசதி, கை மரமரப்பு. ஈயம் உடம்பில் ஏறியவர்களிடம் நாங்கள் தேடும் அறிகுறிகள் இவையேதான். ரத்தசோகை, ரத்த அழுத்தம், சிறுநீரகப் பாதிப்பு ஆகியவையும் சேரும். குண்டு பட்டுப் பல ஆண்டுகள் கழித்து இப்படி வருவது உண்டு. ஆகவே உங்கள் சந்தேகம் வீண் சந்தேகம் இல்லை.

ஆனால் உங்கள் கடிதத்தின் நான்காம் பக்கத்தில், வேறு எதையோ சொல்ல வந்த இடத்தில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். சாயங்காலமானால் மைத்துனர் வீட்டுப் பின்புறத்தில் உட்கார்ந்து மீன் வலைக்கு எடையாகக் கட்டும் ஈயத்தை உருக்கி ஊற்ற உதவுகிறீர்கள் என்று. ஓய்ந்து கிடக்காமல் ஏதோ ஒரு வேலை, பேச்சுத் துணையும் ஆயிற்று என்று நீங்கள் செய்வது. நான் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு அந்த வரியைத் திரும்பப் படித்தேன்.

அந்தக் கொட்டகையை எனக்குப் பார்க்காமலே தெரியும், இந்தக் கடற்கரையில் அப்படிப் பல பார்த்திருக்கிறேன். மூன்று கல் வைத்த அடுப்பு, அதன்மேல் ஓர் இரும்புச் சட்டி. பழைய ஈயத் துண்டுகள் 327 டிகிரியில் உருகிப் பாதரசம் போலப் பளபளக்கும். மேலே ஆடை போலப் படியும் சாம்பல் நிறக் கசடைக் கரண்டியால் வழித்து ஓரமாகத் தட்டுவார்கள். அச்சில் ஊற்றி ஆறியதும் பிசிறை அரத்தால் ராவுவார்கள். நடுவில் கட்டன்சாயா வரும், கூடவே நேந்திரங்காய் சிப்ஸ். அதே விரல்களால் எடுத்து வாயில் போட்டுக்கொள்வோம். கசடும் அரத்தூளும் நாக்கு வழியாக உள்ளே போகின்றன. சட்டி அளவுக்கு மீறிச் சூடானால் எழும் புகை மூச்சு வழியாகப் போகிறது. கையில் ஏழு ஆண்டாக உறைக்குள் முடங்கிக் கிடக்கும் குண்டுகளைவிட அந்த ஒரு சட்டி எனக்குப் பெரிய சந்தேகம். வலி தொடங்கி ஓராண்டு ஆகிறது என்கிறீர்கள். மைத்துனருக்கு உதவத் தொடங்கி எத்தனை நாளாகிறது? அதை நீங்கள் எழுதவில்லை.

ஊகத்தை விட்டுவிட்டு அளந்து பார்ப்போம். ரத்தத்தில் ஈயத்தின் அளவு என்று தனிப் பரிசோதனை இருக்கிறது. எல்லா ஆய்வகத்திலும் செய்ய மாட்டார்கள். மாதிரி எடுத்து வெளியூருக்கு அனுப்புவார்கள், ஈயம் கலக்காத தனிக் குப்பியில்தான் எடுக்க வேண்டும். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் ஈயம் வரும் வழியைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கூடவே ஹீமோகுளோபின், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், ரத்த அழுத்தம் பாருங்கள். பற்பம், செந்தூரம் வகை மருந்து ஏதாவது சாப்பிட்டு வந்தால் அந்தச் சீசாவையும் மருத்துவரிடம் காட்டுங்கள். சிலவற்றில் உலோகம் கலந்திருக்கும்.

முடிவு வருவதற்குள்ளேயே அந்தக் கொட்டகை வேலையை நிறுத்திவிடுங்கள். ரத்தத்தில் ஓடும் ஈயம் சில வாரங்களில் பாதியாகக் குறைந்துவிடும். ஒரு மாதம் விலகி இருந்து மறுபடி அளந்தால் இறங்குகிறதா என்று தெரியும். இறங்கினால் குற்றவாளி சட்டி. நீங்கள் விலகி இருந்தும் இறங்காமல் நின்றால் மூட்டில் இருக்கும் துண்டின் மேல் சந்தேகத்தைத் திருப்பலாம். எலும்பில் படிந்த ஈயம் பல ஆண்டுகள் இருக்கும் என்பதால் அளவு ஒரேயடியாகப் பூஜ்யத்துக்கு வராது. அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஈயத்தைக் கவ்வி வெளியேற்றும் மருந்துகளும் உண்டு. அவை அளவு மிகவும் ஏறியவர்களுக்கு, மருத்துவமனைக் கண்காணிப்பில் தருபவை. 'ரத்தத்தைச் சுத்தம் செய்கிறோம்' என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள்.

மைத்துனர் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா? இருந்தால் உங்களுக்கு முன்னால் அவர்களுக்கு ஈயப் பரிசோதனை செய்யுங்கள். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் குடல் ஈயத்தை அதிகம் உறிஞ்சும், வளர்கிற மூளையைத்தான் அது முதலில் பிடிக்கும். மைத்துனருக்கு அது பிழைப்பு, நிறுத்தச் சொல்ல முடியாது. ஆனால் அடுப்பை வீட்டுக்கும் அடுக்களைக்கும் தள்ளி வைக்கலாம். அந்தச் சட்டியைச் சமையலுக்கு எடுக்காமல் இருக்கலாம். அங்கே தின்பதையும் குடிப்பதையும் நிறுத்தி, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, சட்டையை மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்கலாம்.

இன்னொரு ஆளையும் விசாரிக்க வேண்டியிருக்கிறது. ஒன்பது ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு வைட்டமின் பி12 குறைந்துபோகும். மரமரப்பு, அசதி, ரத்தசோகை எல்லாம் அதிலும் வரும். சர்க்கரையே நரம்பைக் கெடுத்து, குடலை மந்தமாக்கவும் செய்யும். ஆகவே பி12 அளவையும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையையும் அதே ரத்தத்தில் பார்த்துவிடச் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

எம்.ஆர்.ஐ. அறையிலிருந்து திருப்பி அனுப்பியது

கோபப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். என் கட்சி அந்த ஊழியரின் கட்சி. ஈயத்தைக் காந்தம் இழுக்காது, எஃகை இழுக்கும். கண்ணுக்குள் கடுகு அளவு எஃகுத் துணுக்கு இருந்து அது அந்தக் காந்தத்தில் அசைந்தால் பார்வை போய்விடும். முதலில் கண்குழிக்கு எக்ஸ்ரேயோ சி.டி.யோ எடுத்து அங்கே உலோகம் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். கையில் தழும்புக்குள் இறுகிய பழைய துண்டுகளுக்கு, படத்தைப் பார்த்துக் கதிரியக்க மருத்துவர் முடிவு சொல்வார். பல நேரங்களில் சம்மதிப்பார்கள். கழுத்து வலிக்கு எம்.ஆர்.ஐ. கட்டாயம்தானா என்பதையும் கேளுங்கள். கை மரமரப்புக்கு நரம்புக் கடத்தல் பரிசோதனை போதுமானதாக இருக்கலாம். எங்கே போனாலும் பழைய எக்ஸ்ரே படத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணும் காதும்

கையைப் பற்றி ஆறு பக்கம் எழுதிய நீங்கள் கண்ணுக்கு மூன்று வரிதான் ஒதுக்கியிருக்கிறீர்கள். நான் அவசரப்படுவதோ கண்ணுக்குத்தான். இந்த வாரமே போங்கள்.

'வயசாகிறது, கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும்' என்கிறீர்கள். ஒரு கண்ணில் மட்டும் மூட்டம், அதுவும் வெடி பட்ட கண்ணில் என்றால், வயதின் மேல் பழி போட முடியாது. அதிர்ச்சியில் வரும் கண்புரை ஆண்டுகள் கழித்தும் முற்றும்; அது என்றால் அறுவை செய்து சரிப்படுத்தலாம். விழித்திரை ஓரத்தில் கிழிசல் இருக்கலாம். எனக்கு அதிகக் கவலை தருவது கண் நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா). வெடியின் அடி கண்ணுக்குள் நீர் வடியும் மூலையைக் கிழித்திருந்தால் அழுத்தம் ஐந்து, பத்து ஆண்டுகள் கழித்துக்கூட ஏறும். வலி தெரியாது. ஓரப் பார்வையை அரித்துக்கொண்டே வரும். போன பார்வை திரும்பாது. கண்ணாடிக் கடைச் சோதனையில் இது எதுவும் தெரியாது. கண் மருத்துவரிடம் மூன்றைக் கேட்டுப் பெறுங்கள்: கண் அழுத்தம், லென்ஸ் வைத்து அந்த மூலையைப் பார்ப்பது, சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரித்து விழித்திரையைப் பார்ப்பது. சர்க்கரை நோய்க்கு ஆண்டுதோறும் செய்ய வேண்டிய விழித்திரைச் சோதனையும் அதிலேயே முடிந்துவிடும். நாகர்கோவிலிலோ திருநெல்வேலியிலோ திருவனந்தபுரத்திலோ, எங்கே வசதியோ அங்கே. சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், தனியாக பைக்கில் போய்விடாதீர்கள்.

காதுக்கு வருகிறேன். துப்பாக்கியை வலது தோளில் வைத்திருக்க, இடது காது ஏன் அதிகம் கெட்டது என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. வலது தோளில் வைத்துக் குறி பார்க்கும்போது தலை சாய்ந்து, இடது காது குழலின் முன்பக்கத்தை நோக்கித் திரும்பி நிற்கும். வலது காதுக்குத் தலையே மறைப்பாகிவிடும். துப்பாக்கி வெடிக்கும் ஓசை 140 டெசிபலைத் தாண்டும். நாம் பேசிக்கொள்வது 60 அளவில். பதினேழு ஆண்டுகள் பட்டாளத்தில் சுட்டதும் அந்தக் காதின் கணக்கில்தான் இருக்கிறது. இந்த ஒரு வெடி அதன் மேல் ஏறியது.

"பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார்கள் என்பதுதான் பிடிபடவில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அது உயர்ந்த சுருதியைக் கேட்கும் நுண்மயிர்ச் செல்கள் அழிந்ததன் அடையாளம். ச, த, ப போன்ற எழுத்துகள் உதிர்ந்துபோய் மிச்சம் மட்டும் காதில் விழும். பெண்கள், பிள்ளைகளின் குரல் முதலில் மங்கும். மனைவி சொல்வது மட்டும் கேட்பதில்லை என்று வீட்டில் குற்றச்சாட்டு இருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். இந்தப் பத்தியை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அந்தச் செல்கள் திரும்ப முளைக்காது, அதற்கு மாத்திரையும் கிடையாது. செவித்திறன் சோதனை செய்து, சரியாக அளந்து வைத்த காது கேட்கும் கருவி பேச்சைத் திருப்பித் தரும். பலருக்கு இரைச்சலையும் அடக்கும். இரவில் மின்விசிறி ஓசையோ மெல்லிய பாட்டோ ஓடட்டும், முழு அமைதியில்தான் சில்வண்டு கத்தும்.

காதில் பூண்டு காய்ச்சிய எண்ணெய் விடுவதை இன்றோடு நிறுத்துங்கள். வெடியில் செவிப்பறை கிழிந்ததா, கிழிந்திருந்தால் அது மூடியிருக்கிறதா என்று ஏழு ஆண்டுகளாக யாரும் பார்க்கவில்லை. எப்போதாவது நாற்றத்தோடு சீழ் வடிந்தால் காலம் கடத்தாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். வெடியில் கிழிந்த பறையின் தோல் உட்புறமாக வளர்ந்து எலும்பை அரிப்பது உண்டு.

ஆசானும் கையும்

நம் மாவட்டத்தில் வர்ம ஆசானைக் குறை சொல்லிவிட்டு ஒருவன் நிம்மதியாக ஊரில் நடமாட முடியாது. என் தாத்தாவின் இறங்கிய தோளை ஏற்றியவர் ஓர் ஆசான்தான். சுளுக்குக்கும் தசைப்பிடிப்புக்கும் அவர்கள் கைப்பழக்கம் எனக்குத் தெரியும். ஆனால் இரும்பையும் ஈயத்தையும் எண்ணெய் வெளியே இழுக்காது. துண்டு இருக்கும் இடத்தை அழுத்தித் தேய்த்தால் உறை கலையும், பக்கத்து நரம்பு நசுங்கும். வெட்டுண்ட விரல் நுனியைத் தொட்டால் கரண்ட் அடிப்பது போல இருக்கிறது என்கிறீர்களே, அங்கே நரம்பு நுனி முடிச்சுப் போட்டிருக்கிறது. அந்த இடத்தில் விரலே படக் கூடாது. முழங்கைக்கு மேலும் தோளிலும் தடவிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

இல்லாத சுண்டுவிரல் அரிக்கிறது என்பதை வெட்கப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். விரல் போனாலும் மூளையில் அதன் இடம் அப்படியே இருக்கிறது. நிறையப் பேருக்கு உண்டு. நரம்பு வலிக்கான மாத்திரைகள், கண்ணாடி முன் நல்ல கையை அசைத்துச் செய்யும் பயிற்சி இரண்டும் உதவும். ஏ.சி. அறையில் கை விறைத்து வலிப்பதும் நரம்புக் காயத்தின் தொடர்ச்சிதான். ஒரு கம்பளிக் கையுறை அதற்குப் போதும்.

வெடிச் சத்தம் கேட்டால்

சவேரியார் திருவிழா பத்து நாளும் நாகர்கோவில் பக்கமே போகாமல் இருக்கிறீர்கள். ஊர்ச் சிலுவைக் கோயிலான குருசடியில் வெடி போட்டால் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொள்கிறீர்கள். பழைய கனவு வருகிறது. தூங்குவதற்கு ராணுவ கேன்டீனில் வாங்கிய ரம் இரண்டு பெக். 'பட்டாளத்துக்காரன் பட்டாசுக்குப் பயப்படுகிறான்' என்று மருமகன் சிரித்தது உங்களை அறுத்துக்கொண்டே இருக்கிறது.

இதற்குப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய் என்று பெயர். நோய் என்று அழுத்திச் சொல்கிறேன். அன்று உங்கள் மூளை, பெரிய சத்தம் வந்தால் கை போகும் என்று ஒரே நொடியில் கற்றுக்கொண்டது. கற்றதை இன்னும் மறக்கவில்லை, அவ்வளவுதான். தைரியத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. போர்முனையில் நின்றவர்களுக்கும் வருகிறது. ஏழு ஆண்டு ஆகிவிட்டதே, இனி தீராது என்பது உங்கள் தப்புக்கணக்கு. அந்த நினைவைப் பயிற்சி பெற்ற ஒருவரோடு உட்கார்ந்து படிப்படியாக எதிர்கொள்ளும் உளச் சிகிச்சை பலன் தரும், தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் முதலில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணைக் கூப்பிடுங்கள். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

ரம் தூக்கத்தைக் கொண்டுவந்து பாதி ராத்திரியில் பிடுங்கிக்கொள்ளும். கனவு அதற்குப் பிறகுதான் வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மரத்துப்போன நரம்புக்கும் சர்க்கரைக்கும் அது கூடுதல் கேடு. தினமும் குடிப்பவர் என்பதால் திடீரென்று நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லிக் குறையுங்கள்.

கல்யாணத்துக்கு வெடி வேண்டாம் என்று சம்பந்தியிடம் சொல்லலாமா என்று கேட்கிறீர்கள். தாராளமாகச் சொல்லலாம். டாக்டர் கூடாது என்கிறார் என்று என் தலையில் போடுங்கள்.

கையெழுத்துப் போட்ட தாளும் புது வேலையும்

நான் வழக்கறிஞர் இல்லை. தெரிந்ததைச் சொல்கிறேன். ஐம்பதாயிரம் ரூபாய் தந்து, இனி எந்த உரிமையும் கோர மாட்டேன் என்று உங்களிடம் எழுதி வாங்கியிருக்கிறார்கள். விபத்து நடந்த காலத்தில் நடப்பில் இருந்த 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்றது. ஆனால் அதில் கோரிக்கைக்கு இரண்டு ஆண்டுக் கெடு இருந்தது. தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கலாம். ஏழு ஆண்டு என்பது எளிதில் மன்னிக்கப்படும் தாமதம் இல்லை, அதிக நம்பிக்கை வைக்காதீர்கள். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) பிடித்திருந்தால் வழியே வேறு. பழைய சம்பளச் சீட்டுகளோடு நாகர்கோவில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். கையையும் காதையும் காட்டி மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கும் விண்ணப்பியுங்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் வந்தால் பல சலுகைகளுக்கு வழி உண்டு. பரிசோதனைச் செலவுக்கு, ஓய்வூதியம் வாங்கும் முன்னாள் படைவீரர் என்ற முறையில் நாகர்கோவில் இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) மருத்துவமனையில் தொடங்கலாம். காது கருவியையும் அங்கேயே கேளுங்கள்.

மறுபடியும் துப்பாக்கிக் காவல் வேண்டாம், அண்ணாச்சி. கல்யாணச் செலவு இருக்கிறது, தெரியும். ஆனால் காதில் மிச்சம் இருக்கிற கேட்கும் திறனும் போய்விடும். மூன்று விரலால் குழலைத் தாங்க முடியாது. துப்பாக்கியைப் பார்த்தாலே வியர்க்கிறது என்று நீங்களே எழுதியிருக்கும்போது தகுதிச் சான்றிதழில் எந்த மருத்துவரும் கையெழுத்துப் போடக் கூடாது. ஆயுதம் இல்லாத காவல் வேலை தருகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

கடைசியில், கோடு போட்ட தாளின் ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்த கேள்வி: மூத்த மகளின் குழந்தையை இடது கையால் தூக்க நம்பிக்கை வரவில்லை, தூக்கலாமா? தூக்கலாம். எடையை விரல்களில் வாங்காமல், முன்கையில் குழந்தையை உட்கார வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். முதல் சில நாள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பழகுங்கள். கண்சோதனை முடிந்ததும் அழுத்தம் எவ்வளவு என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.